அவிழ்க்காத மூடை

"இதுவரைக்கும் கடனே வாங்குனதில்லையா மேடம்? அப்ப கிரெடிட் ஸ்கோரே வராதே. எதை வச்சு உங்கள நம்புறது?" என்றார், நான் கடன் கேட்டுப் போயிருந்த போடி வங்கிக்காரர். எரிச்சலோடு வெளியே வந்தேன். எதிரே ஜீப்பிலிருந்து ஏலக்காய் மூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மணத்தோடு, இன்று செல்போன் கடையாகிவிட்ட பழைய கமிஷன் மண்டியும் நினைவில் வந்து நின்றது.

தராசுச் சங்கிலி கிணுகிணுக்க, காலடியில் காய்த்தோல் நொறுங்க, மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூடைக்குள்ளும் மண்டிக்காரர் முழங்கை வரை கையை விட்டு, அடியில் ஈரக்காய் கிடக்கிறதா என்று ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பார். எங்கள் அம்மாவின் மூடையை மட்டும் கட்டவிழ்க்காமலே தராசில் ஏற்றச் சொல்வார். பள்ளிக்கூடப் பையோடு பக்கத்தில் நிற்கும் எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

ஒரு மழை நாளில் அம்மாவே கட்டை அவிழ்த்தாள். "வர்ற வழியில ஜீப்பு ஒழுகிருச்சுண்ணே. அடியில நனைஞ்சிருக்கு. பாத்து வெலயக் கொறச்சுக்கங்க."

எங்கள் வீட்டின் அந்த மாதப் பாடு முழுக்க அந்த மூடைக்குள்தான் இருந்தது. ஆனால் நான் பயந்தது அதற்கல்ல. அவர் கை உள்ளே போய்விடுமே என்றுதான்.

மண்டிக்காரர் குனிந்தார். மூடையின் வாயைச் சேர்த்துப் பிடித்து, சணலைச் சுற்றித் திரும்பக் கட்டினார்.

"எம்புட்டுக் கொறைக்கணும்னு நீயே சொல்லுத்தா."