அப்நேமன்

ஜெர்மன் மொழியில் எனக்குக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும் சொல் ஒன்று உண்டு: அப்நேமன். உடம்பு மெலிவதற்கும் அதுதான் சொல். பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதற்கும் அதுதான். அந்தச் சொல்லால் என் சிநேகிதி சாகப் பார்த்தார்.

டார்ம்ஸ்டாடில் ஒரு முதியோர் இல்லத்தில் நானும் அவரும் ஒரே மாடியில் வேலை. கானா நாட்டுக்காரர். என்னைவிட மூத்தவர் என்று நான் அக்கா என்று கூப்பிடப் போய், கடைசியில் இல்லத்துக் கிழவர்களுக்கும் அவர் அக்காவாகிவிட்டார். பருத்த உடம்பு. அதில் அவருக்குத் துளி கூச்சமும் இல்லை. மெலிந்துபோய் ஊரில் இறங்கினால், ஜெர்மனியில் சாப்பாடு இல்லையா என்று கேட்பார்களாம். எங்கள் சனமும் லேசுப்பட்டதில்லை, ஒரு சுற்று இளைத்தால் ஏதும் நோய் வருத்தமோ என்று கேட்டுக் கேட்டே படுக்கப் போட்டுவிடும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அக்கா ஆடுகிற ஆட்டத்துக்கு ஒல்லிக் குச்சியான என்னால் பாதி நேரம்கூட ஈடுகொடுக்க முடியாது.

அப்படிப்பட்டவர் போன இலையுதிர் காலத்தில் மாடிப்படியின் நடுவில் மூச்சு வாங்கி நின்றார். மாதப்போக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது, தலை சுற்றுகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னார். அவருடைய குடும்ப டாக்டரிடம் நானும் கூடப் போனேன்.

டாக்டர் தொட்டே பார்க்கவில்லை. அக்கா சொல்லி முடிக்குமுன் "அப்நேமன்" என்றார். இரத்தம் எடுக்கப் போகிறார் என்று நினைத்து அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார். டாக்டர் சிரித்துவிட்டார். இரத்தத்தை அல்ல, எடையை என்றார். உங்கள் நாட்டுப் பெண்களுக்குச் சாப்பாட்டில் பிரியம், உடற்பயிற்சி என்றால் கசப்பு என்று வேறு சொன்னார். நீட்டிய கை சற்று நேரம் மேசையில் அப்படியே கிடந்தது.

வீட்டில் வந்து பொரிந்து தள்ளினேன். "டொக்டர் படிச்ச மனிசன், சும்மா சொல்லுவாரே?" என்றார் என் கணவர்.

"தொடாமலே வருத்தம் கண்டுபிடிக்க அவர் என்ன சாத்திரம் சொல்லுற சாத்திரியாரோ?" என்றேன்.

அக்காவோ ஜிம்மில் சேர்ந்தார், இராச்சாப்பாட்டை விட்டார். வேறு டாக்டரைப் பார்ப்போம் என்று கெஞ்சினேன். எல்லோரும் உடம்பைத்தானே குறை சொல்கிறார்கள், உண்மையாகத்தான் இருக்கும் என்றார். கூச்சமே இல்லாத அந்த மனுசி பெரிய சட்டைக்குள் ஒளியத் தொடங்கியது எனக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் காலை வேலையின்போது, படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தவர் சுவரோடு சரிந்தார். உள்ளங்கை வெளிறிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தவுடனே இரத்தம் எடுத்தார், வயிற்றையும் ஸ்கேன் செய்தார். சிறிது நேரத்தில் ஓடி வந்தார். கர்ப்பப்பை நிறையக் கட்டிகளாம். கறுப்பினப் பெண்களுக்கு அதிகம் வருவது, யாருமே பார்க்கவில்லையா என்று கேட்டார். இவ்வளவு குறைந்த இரத்தத்தோடு இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார். இந்த இரத்தத்தோடுதான் அக்கா ஜிம்மில் ஓடியிருக்கிறார்.

இரத்தம் ஏற்றி, கர்ப்பப்பையை எடுத்து, அவர் எழுந்து நடமாட வெகு நாளானது. பிறகு வேலைக்கு லீவுச் சீட்டு வாங்க அக்காவும் நானும் அதே குடும்ப டாக்டரிடம் போகவேண்டி வந்தது. டாக்டர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. நன்றாக மெலிந்துவிட்டீர்கள் என்று அதே சொல்லால் பாராட்டினார்.

அக்கா அவசரப்படாமல் சட்டைக் கையை மடித்தார். ஊசி ஏறித் தடித்துக் கிடந்த கையை மேசைமேல் வைத்தார். அந்தச் சொல்லை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீங்கள்தான் எடுக்கவில்லை, டாக்டர்."