மன்னிப்புக் கேட்க இரண்டாயிரத்து ஐந்நூறு மைல்

1999 மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை. காலை ஐந்து மணிக்கு பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து கிளம்பினோம். நூவர்க் விமான நிலையம் முப்பத்தைந்து மைல். கணவர் கார் ஓட்டினார். என் மடியில் எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய நான்கு பெட்டி முந்திரி கேக். பெட்டி ஆறு டாலர்.

"ஒரு லெட்டரை ஃபேக்ஸ் பண்ணா பத்தாதா? இதுக்குப் போய் கலிஃபோர்னியா வரைக்கும் போகணுமா?" என்றார்.

"பத்தாதுங்க. புரோகிராம் எழுதினது நான். நேர்லதான் சொல்லணும்னு அங்க வேலை பாக்குற செல்வா சொல்றாரு."

நடந்தது இதுதான். சான் ஹோசேயில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் கிடங்கு இருக்கிறது. இயந்திரங்களுக்கான ரப்பர் வளையங்களை அங்கே சேமித்து அனுப்புவார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் பழசானால் வளையத்தில் வெடிப்பு விழுந்துவிடும், தூக்கிப் போட வேண்டும். இரண்டாயிரமாவது ஆண்டுக்காக அவர்களுடைய கணினியைத் திருத்தும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. தேதியைப் படிக்கும் பகுதியை நான் எழுதினேன். ஆண்டு 04 என்று இருந்தால் 2004 என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதினேன்.

ஜப்பானில் ஒவ்வொரு பேரரசர் பட்டத்துக்கு வரும்போதும் ஆண்டுக் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். இப்போதைய காலத்துக்குப் பெயர் ஹெய்செய். ஹெய்செய் நான்கு என்றால் 1992. நம் பஞ்சாங்கத்தில் வெகுதானிய, பிரமாதி என்று வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இன்னொரு ஊருக்கும் சொந்தக் கணக்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஏழு வருடத்துப் பழைய வளையங்களைப் புத்தம் புதியவை என்று என் புரோகிராம் சொன்னது. ஒரு லோடு டெக்ஸஸுக்குக் கிளம்ப இருந்தது. கிடங்கில் யாரோ கவனித்து நிறுத்தியிருக்கிறார்கள்.

முந்தைய நாள் மாலை மேலாளர் என்னை அழைத்துச் சொன்னார்: "போய் விளக்கம் சொல். அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்று சொல். 'எங்கள் தவறு' என்ற சொல் மட்டும் உன் வாயிலிருந்து வரக்கூடாது. வக்கீலின் உத்தரவு." என் கிரீன் கார்டு விண்ணப்பம் அவர் கையெழுத்துக்காக மேசை மேல் இருந்தது. அதை அவர் குறிப்பிடவில்லை. இருவரும் அதைப் பார்த்தோம்.

காலை 10.50, சான் ஃபிரான்சிஸ்கோ. விமான நிலைய வாசலில் செல்வா என்கிற செல்வகுமார் நின்றிருந்தார். எங்கள் கம்பெனிக்காரர், மதுரைக்காரர், சான் ரமோனில் குடியிருப்பவர். இரண்டு வருடமாக அந்தக் கிடங்கில் வேலை. என் கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"மேடம், நாலு பெட்டியா?"

"ஏன், கம்மியா?"

"அவங்க பாஷைல நாலுக்கும் சாவுக்கும் ஒரே உச்சரிப்பு. மன்னிப்புக் கேக்கப் போற இடத்துல நாலு குடுத்தா அவ்ளோதான். ஒண்ணை எனக்குக் குடுத்துடுங்க."

101 ஃப்ரீவேயில் சான் ஹோசே முப்பத்தைந்து மைல். சான் மட்டேயோ தாண்டுவதற்குள் அந்தப் பெட்டியில் பாதி காலியாகிவிட்டது. மீதி வழியெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டே வந்தேன். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும், வாங்கியதும் படிக்க வேண்டும், பைக்குள் திணிக்கக் கூடாது. பெயருக்குப் பின்னால் 'சான்' சேர்ப்பது நாம் 'ங்க' போடுவது மாதிரி, ஆனால் தன் பெயருக்குச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் 'ஹை', அதாவது 'ஆமாம்', என்று தலையாட்டினால் சரி என்று அர்த்தமில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

"நம்ம 'ம்' கொட்டுற மாதிரி," என்றேன்.

"அதேதான். ரெண்டு வருஷமா நான் தலைய ஆட்டுறதப் பாத்து அவங்களும் கொழம்பிப் போயிருக்காங்க. இன்னொண்ணு மேடம், அவங்க பேசாம இருந்தா நீங்க பேசி ரொப்பாதீங்க. அதுதான் நம்மாளுங்களுக்கு வராது."

ஜாக்சன் தெருவில் இருக்கும் ஜப்பான் டவுனில் மதிய உணவு. சூப்பிலேயே மீன் சாறு இருக்கும் என்று செல்வா எச்சரித்ததால் நான் வெறும் சோறும் ஊறுகாயும் வாங்கினேன், மூன்றரை டாலர். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைத்தேன். செல்வா சட்டென்று எடுத்துப் படுக்க வைத்தார். இறந்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் அப்படிக் குத்துவார்களாம்.

கூட்டம் இரண்டு மணிக்கு. 1.35க்கே கிடங்கு வாசலில் கார் நின்றது. 1.50 வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். ரொம்ப முன்னால் போனாலும் அவர்களுக்குத் தொந்தரவு.

கிடங்குத் தலைவர் மொரிதா-சானுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கதவிலிருந்து தூரத்தில் இருந்த நாற்காலிகளை எங்களுக்குக் காட்டினார். விருந்தாளிக்கு அதுதான் இடமாம். மன்னிப்புக் கேட்க வந்தவளையும் விருந்தாளி இடத்தில் உட்கார வைத்தார். மேலாளர் தட்டச்சு செய்து கொடுத்த தாள் கையில் இருந்தது. அதில் 'வருத்தம்' மூன்று இடத்தில் வருகிறது. யார் செய்தது என்பது ஓரிடத்திலும் இல்லை.

தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"தேதியைப் படிக்கும் புரோகிராமை எழுதியது நான். உங்கள் ஆண்டுக் கணக்கு எது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தவறு என்னுடையது. மன்னிக்க வேண்டும்."

இடுப்பிலிருந்து குனிந்து மனதுக்குள் மூன்று எண்ணி நிமிர்ந்தேன். மொரிதா-சான் ஒன்றும் பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. அவசரம், ஆள் பற்றாக்குறை, தப்பான மாதிரித் தரவு என்று ஆறேழு காரணங்கள் நாக்கு நுனி வரை வந்துவிட்டன. எல்லாமே உண்மையான காரணங்கள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவர் எழுந்தார். "நாங்கள் கொடுத்த படிவத்தில் 'ஆண்டு' என்று மட்டும் எழுதியிருந்தோம். எந்த ஆண்டு என்று சொல்லவில்லை. எங்களுக்குப் பழகிப்போனதால் உங்களுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டோம். அது எங்கள் தவறு" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லிவிட்டு, என்னைவிட ஆழமாகக் குனிந்தார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. யார் மேல் எவ்வளவு தவறு என்று அதற்குப் பிறகு யாரும் அளக்கவில்லை. மூன்று பெட்டிகளையும் இரண்டு கையாலும் நீட்டினேன். இரண்டு முறை வேண்டாம் என்றார். இன்னும் ஒரு இட்லி என்று வற்புறுத்திப் பழகிய ஊர்க்காரிக்கு மூன்றாம் முறை நீட்டுவதில் என்ன கஷ்டம்? வாங்கிக்கொண்டார். எதிரில் பிரிக்கவில்லை, அதுவும் மரியாதைதானாம்.

பிறகு கிடங்குக்குள் கூட்டிப்போனார். லோடை நிறுத்தியவர் ஹயாஷி-சான் என்ற ஒல்லியான பெண். பெட்டி மேலே ஒட்டியிருந்த சீட்டில், வேலையை விட்டுப்போய் ஐந்து வருடமான ஒருவரின் கையெழுத்தைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவரும் மூன்று பேரும் இரண்டாயிரத்து முந்நூறு பெட்டிகளைக் கையால் பார்த்திருக்கிறார்கள். அவரிடமும் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். முகம் சிவந்து, மேசையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து என் கையில் வைத்தார். ஒவ்வொரு பெட்டியின் தேதியும் இரண்டு கணக்கிலும், பென்சிலில், ஓர் அடித்தல்கூட இல்லாமல்.

அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு மாலை ஆறு வரை நானும் ஹயாஷி-சானும் உட்கார்ந்தோம். மறுநாள் காலை எட்டரைக்கு மறுபடி தொடங்கினோம். பதினொன்றரைக்கு முழுச் சோதனை ஓடி முடிந்தது. ஒரு பிழையும் இல்லை. ஹயாஷி-சான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் பொத்தாமல் சிரித்தேன்.

வியாழன் மதியம் கிளம்பும்போது மொரிதா-சானும் ஹயாஷி-சானும் கார் வரை வந்தார்கள். வணங்கினோம், ஏறினோம், கார் நகர்ந்தது.

"திரும்பிப் பாருங்க மேடம்," என்றார் செல்வா.

வெயிலில் நின்றிருந்தார்கள். தெருமுனையில் சிவப்பு விளக்கு. ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தேன், அப்போதும் அதே இடத்தில். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் காருக்குள்ளேயே குனியப் போக, சீட் பெல்ட் கழுத்தை இறுக்கியது.

"கண்ணுலேர்ந்து மறையிற வரைக்கும் உள்ள போக மாட்டாங்க," என்றார் செல்வா.

விமானத்திலேயே அறிக்கை எழுதினேன். முதல் வரி: தவறு என்னுடையது, அப்படியே சொன்னேன். திங்களன்று மேலாளர் அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "நிஜமாகவே சொன்னாயா?" "சொன்னேன்." சற்று நேரம் பேசாமல் இருந்தார். நானும் ரொப்பவில்லை. கடைசியில் மொரிதா-சானிடமிருந்து வந்த ஃபேக்ஸை என் பக்கம் தள்ளினார். அடுத்த வருடப் பராமரிப்பு வேலையும் எங்களுக்குத்தான். ஒரே நிபந்தனை, தேதிப் பகுதியை நானே பார்க்க வேண்டும். விண்ணப்பத்தில் அந்த வாரமே கையெழுத்தானது.

எங்கள் வீட்டில் தப்புச் செய்தால் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. கோபமாக இருப்பவருக்கு ஒரு காபி போட்டுக் கொடுப்போம், சரியாகிவிடும். அமெரிக்காவில் தோள் இடித்தால்கூட 'சாரி' உண்டு, பெரிய தப்புக்கு வக்கீல் உண்டு. இரண்டுக்கும் பழகிவிட்ட எனக்கு, சான் ஹோசேயில் அந்த இரண்டு நாள் நிமிர்ந்து நடந்ததாகத் தோன்றுகிறது.

போன ஞாயிறு மதியம் நண்பர் குடும்பம் ஒன்று சாப்பிட வந்து கிளம்பியது. எங்கள் அபார்ட்மெண்டில் எல்லோரும் கதவருகிலேயே பை சொல்லிவிடுவோம். நான் பார்க்கிங் வரை இறங்கிப்போனேன். அவர்கள் கார் திரும்பி, மரங்களுக்குப் பின்னால் போகும் வரை நின்றேன். மாடி பால்கனியிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன ரேவதி, எதையாச்சும் மறந்துட்டுப் போயிட்டாங்களா?"

"இல்லைங்க," என்றேன். "இன்னும் கார் தெரியுது."