வாடகைக்காரிக்கு ஒரு வாய்ப்பு

தையல்காரிக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக் கோளாறு இல்லை, தங்கைக் கோளாறு. இருவரும் ஒரே குடியிருப்பில் வாடகைக்கு இருந்தவர்கள்தான். போன வருஷம் தங்கை மாடியில் சொந்தமாக வீடு வாங்கினாள். வாங்கிய கையோடு வீட்டு உரிமையாளர் சங்கத்தில் உறுப்பினரும் ஆகிவிட்டாள். அன்றிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது என்பது அக்காவின் கட்சி. நடை பழைய நடைதான். பார்க்கிற கண்தான் பொறுக்கவில்லை.

அன்று சங்கக் கூட்டம். படிக்கட்டுக்கு அடியில் தையல்காரி மெஷின் போட்டிருந்த மூலையைக் காலி செய்து, வண்டி நிறுத்த விடலாமா என்று ஓட்டெடுப்பு. மூலை போனால் பிழைப்பும் போச்சு. ஆனால் வாடகைக்காரர்கள் பின்வரிசையில் உட்காரலாம், கேட்கலாம், அவ்வளவுதான். பேச வேண்டுமென்றால் உறுப்பினர் யாராவது தன் வாய்ப்பை விட்டுக்கொடுக்க வேண்டும். கொடுத்தவர் அதன்பிறகு அந்த விஷயத்தில் வாய் திறக்கக் கூடாது, ஓட்டு மட்டும் போடலாம்.

தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பாளா? செத்தாலும் கேட்க மாட்டாள். முன்வரிசை மெத்தை நாற்காலியில் அவள் சாய்ந்திருந்த அழகைப் பார்க்கப் பார்க்க, தனக்குக் கிடைத்த பிளாஸ்டிக் நாற்காலி குத்தியது.

தலைவர் விஷயத்தைப் படித்ததும் தங்கை தானாகவே எழுந்தாள். "என் வாய்ப்ப எங்க அக்காவுக்குக் குடுக்கறேங்க."

எல்லோரும் திரும்பினார்கள். தையல்காரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பிச்சை போடுகிறாளாம், அதுவும் நாலு பேர் முன்னால்!

"முன்னாடி உக்காந்துட்டா பெரிய மனுஷியா? இவ வாசல் பூந்தொட்டித் தண்ணி படியெல்லாம் வழிஞ்சு, நான் தைக்கிற துணி மேல சொட்டுது. அத முதல்ல கேளுங்க!"

"அக்கா, மூலையைப் பத்திப் பேசுக்கா..."

"நீங்க பேசக் கூடாதும்மா," என்று தலைவர் தங்கையை அடக்கினார்.

செயலாளர் சிரித்தார். "துணி தைக்க லாயக்கில்லாத இடம்னு அவங்களே சொல்லிட்டாங்களே. அப்புறம் என்ன?"

காலி செய்யலாம் என்று கைகள் மளமளவென உயர்ந்தன. வேண்டாம் என்பதற்கு ஒரே ஒரு கை. தங்கை அழுதுகொண்டே தூக்கியிருந்தாள்.

பிழைப்பு போனது தையல்காரிக்குப் புரிந்தது. தன் வாயால்தான் போனது என்பதும் புரிந்தது. ஆனாலும் அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. தூக்கினால் எண்ணுகிறார்கள் பார், அவள் கையை.