அக்காவுக்குப் பின்னிய குல்லா

காஞ்சிபுரத்தில் யாருக்கும் அப்படியொன்றும் குளிராது. மார்கழியில்கூட விடியற்காலையில் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் போதும். அப்படிப்பட்ட ஊரில் உல்லன் நூல் வாங்கிக் குல்லா பின்ன உட்கார்ந்தவள் நான். அப்போது ஆறாம் வகுப்பு. குளிர் எனக்கில்லை, அக்காவுக்கு.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது. மாமாவுக்கு டெல்லியில் ஒரு புடவைக் கடையில் வேலை. தீபாவளிக்கு வந்தால் கார்த்திகை தீபம் ஏற்றிவிட்டுத்தான் திரும்புவாள். அந்த வருடம் வந்தபோது, டெல்லியில் குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும், காதில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும் என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காதில் குளிர் ஏறினால் காய்ச்சல் வருமே, அந்த நேரம் மாமா கடையில் இருப்பாரே, ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவார்கள், எங்கே வலிக்கிறதென்று இந்தியில் எப்படிச் சொல்வாள்? எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். கணக்கு எனக்கு வந்ததே இல்லை. ஆனால் கவலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க மட்டும் அப்போதே தெரிந்திருந்தது.

எதிர்வீட்டு அத்தையின் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். அவரோடு வடக்கே குளிர் ஊர்களில் காலம் தள்ளிய அத்தைக்கு உல்லன் பின்னல் அத்துப்படி. எனக்கு இரண்டு ஊசி கொடுத்து, எண்பது கண்ணி போடு என்று கற்றுக்கொடுத்தது அத்தைதான். நூலின் நிறத்தை நானே முடிவு செய்தேன். அப்பா அப்போது தறியில் போட்டிருந்த புடவை மாம்பழ மஞ்சள் உடம்பு, அரக்கு பார்டர். குல்லாவும் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

"தலையில மாட்டறதுக்கு பார்டர் எதுக்குடி?" என்று அத்தை சிரித்தார்.

"பார்டர் இல்லாம எப்படி அத்தை இருக்கும்?" என்றேன். பார்டர் இல்லாத துணியை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் நான் பார்த்ததில்லை. தளர்ந்த நெசவு. குறுக்கே ஓடும் ஊடை நூல் சரியாக விழாமல் துணி தொளதொளவென்று இருந்தால் அப்பா விரலால் தடவிப் பார்த்துவிட்டு அன்று முழுக்க யாரிடமும் பேசமாட்டார். அதனால் ஒவ்வொரு கண்ணியையும் மூச்சைப் பிடித்து இழுத்தேன். ஊசி முனை பட்டுப் பட்டு ஆள்காட்டி விரல் புண்ணாகியது.

"ஏன்டி இப்டி இறுக்கற? கண்ணுக்குட்டியவா கட்டற? கொஞ்சம் லூசா உடு."

"லூசா உட்டா பிரிஞ்சிடுமே அத்தை. டெல்லில போயி பிரிஞ்சிட்டா?"

"டெல்லில மட்டும் ஸ்பெஷலா பிரியுமா?"

அடுத்த நாளே அத்தை ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். மீதியை நானே பின்னினேன். ஊசியில் கண்ணிகள் நெருக்கியடித்து நின்றதால் அது எவ்வளவு பெரியது, எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது. அது போதாதா?

அந்த நாட்களில் அம்மாவும் அக்காவும் என்னைக் கூட்டிக்கொண்டு ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துக்குப் போனார்கள். அக்கா ஒரு குட்டி மரத்தொட்டிலை எடுத்து, மஞ்சள் கயிற்றால் கிளையில் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள், மறுபடியும் கட்டினாள். எனக்கோ பொறுமை இல்லை. அரக்கு நூல் தீர்ந்துபோயிருந்தது, பேன்சி ஸ்டோர் மூடிவிடுவார்கள். "விளையாட்டுத் தொட்டிலுக்கு இவ்ளோ நேரமாக்கா?" என்றேன். அம்மா என் தலையில் நறுக்கென்று குட்டினார். அக்கா மறுபடி முடிச்சை அவிழ்த்தாள்.

அவள் கிளம்பும் நாள் வந்தது. வடகம், மஞ்சள்தூள், முறுக்கு என்று பைகள் நிரம்பிக் கிடந்தன. வாசலில் ஆட்டோ நின்றது. நான் குல்லாவைப் புடவை அட்டைப்பெட்டிக்குள் வைத்து நீட்டினேன். திறந்தவள், "அய்யோ, பார்டர் வெச்சிக்கீறாம்மா என் தங்கச்சி!" என்று கத்தினாள். உடனே தலையில் மாட்டினாள்.

அது உச்சந்தலையிலேயே நின்றுவிட்டது. கொட்டாங்கச்சியைக் கவிழ்த்த மாதிரி.

அப்பாவால் அடக்க முடியவில்லை. "ஜரிகை மட்டும்தான் பாக்கி. கலசத்துக்குப் போட்டுடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம், நானும்கூட அழுகையோடு சிரித்தேன். அக்கா அதைக் கழற்றி, மடக்கிய கைமுட்டியின்மேல் கவிழ்த்துப் பார்த்தாள். அளவாகப் பொருந்தியது. அப்போதுதான் சிரிப்பு நின்றது. ஏன் நின்றது என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

"இப்டி குடுடி" என்று அம்மா அதைப் பிடுங்கினார். "பிரிச்சிடலாம். நூலாவே இருக்கட்டும். முன்னாடியே இதெல்லாம் ஊட்ல வெச்சிக்கக் கூடாது."

நூல்முனையைத் தேடி இழுத்தார். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். அப்போதும் வரவில்லை. நான் அடித்திருந்த முடிச்சு அப்படி. எனக்கு அந்த நேரத்திலும் பெருமையாக இருந்தது. "பிரியாதும்மா. நான்தான் இறுக்கிப் பின்னிக்கீறனே" என்றேன்.

"உடும்மா." அக்கா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் குல்லாவை எடுத்துக்கொண்டாள். "முன்னாடின்றியே, எதுக்கு முன்னாடி? அஞ்சு வருசமா ஒண்ணும் இல்லையே. புள்ள ஆசையா பின்னிக்கீது. நான் எடுத்துக்கினு போறேன்."

ஆட்டோவில் ஏறும்போது அழுதாள். ஒவ்வொரு வருடமும் அழுவாள்தான், ஆனால் இந்த முறை குல்லாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்தது: தலைக்குப் பற்றவில்லை. ஆட்டோவின் பின்னாலேயே ஓடினேன். "அடுத்த வாட்டி பெருசா பின்னித் தர்றேன்கா!"

அவள் தலையை வெளியே நீட்டினாள். "வேணாம் பாப்பா. இந்த சைசே இருக்கட்டும்."

பிறகு நான் தளர்த்திப் பின்னக் கற்றுக்கொண்டேன். பகலில் தறி, ஓய்வில் ஊசி. எங்கள் தெருவில் பிறக்கிற குழந்தைகளுக்கெல்லாம் நான்தான் குல்லாவும் சாக்ஸும் பின்னுகிறேன். ஆனால் பிறந்த பிறகுதான் நூலையே தொடுவேன். கிளிப்பச்சை, ராமர் நீலம், கத்திரிப்பூ என்று கலந்து பின்னும்போது கை தன்னால் நடக்கும். எந்தத் தலையில் அது உட்காரப் போகிறதோ அந்த முகம் கண்முன் நிற்கும். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு எந்தக் கவலையும் இருப்பதில்லை. கார்த்திகைக்கு முன்னால் டெல்லிக்கு ஒரு பார்சல் போகும். மஃப்ளர், சால்வை, எல்லாம் பெரிய அளவு. அக்கா போட்டுக்கொண்டு போட்டோ அனுப்புவாள். ஊருக்கு வருவது குறைந்துவிட்டது. விசேஷ வீடுகளில் நாலு பேர் கேட்பதற்குப் பதில் சொல்ல முடியவில்லையாம்.

போன வருடம்தான் முதன்முறையாக அவள் வீட்டுக்குப் போனேன். பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு நடுவே ஒரு சின்னச் செம்பு, அதன்மேல் மஞ்சளும் அரக்குமாகக் குல்லா. சுருங்கிவிடாமல் இருக்கச் செம்பில் மாட்டி வைத்திருக்கிறாள், இத்தனை வருடமாக.

"ஒரு கண்ணிகூட பிரியல பாரு" என்றாள்.

நான் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா குல்லாவோடு கிளம்பிய அன்று, ஆட்டோ தெருமுனையில் திரும்பி மறையும்வரை நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு. அப்போது எனக்கிருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். இந்தக் குளிர்காலம் முழுக்க அக்காவின் காதுகள் வெளியே தெரியுமே.