இரண்டு தடவை வந்த பாட்டு

எங்கள் வீட்டில் அக்காவின் கல்யாணம் முடிந்து ஐந்தாம் நாள்தான் சண்டை தொடங்கியது. சீதனத்தில் இல்லை, சாப்பாட்டில் இல்லை, பாட்டில். கல்யாணத்தைப் படம் பிடித்த, வாழைச்சேனையில் கடை வைத்திருந்த வீடியோ அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு தாளைத் தந்துவிட்டுப் போனார். பொம்பிளை அலங்காரத்துக்கு ஒரு பாட்டு, மாப்பிள்ளை வருகைக்கு ஒரு பாட்டு, தாலி கட்டிய பிறகு ஒன்று, ஆத்தங்கரையில் எடுத்த படத்துக்கு இரண்டு என்று அதில் கோடு போட்டு இடம் விட்டிருந்தது. எல்லாம் காதல் பாட்டாக இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று வாயால் வேறு சொன்னார். ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், தாளைக் கொடுக்க வேண்டும். அக்காவின் மாப்பிள்ளையான அத்தான் வேலைக்காகக் கட்டாருக்குத் திரும்பிப் போக மூன்று கிழமைதான் இருந்தது. போகும்போது டிவிடியையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. அக்கா வந்தாறுமூலைக் கம்பஸில் படித்து முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். அத்தான், மாமா கொண்டுவந்த சம்பந்தம். பெண் பார்க்க வந்த அன்று தேத்தண்ணி கொடுக்கும்போது ஒரு தடவை, மணவறையில் ஒரு தடவை, அவ்வளவுதான் இருவரும் ஒருவரை ஒருவர் கண்டது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். அத்தானும் ஒரு சூட்கேஸோடு வந்து சேர்ந்து, வீட்டில் இருந்த ஒரே மெத்தைக் கதிரையில் இருத்தப்பட்டார். அவர் பேசி நான் கேட்டதில்லை. அம்மா அவரோடு நேரே பேசவும் மாட்டார். இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டு, "அத்தானிட்டக் கேளு புள்ள, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டாம் எண்டு" என்பார். நான் அத்தானிடம் கேட்பேன். அவர் தலையை ஆட்டுவார். "வேணாமாம்" என்று நான் அம்மாவிடம் சொல்வேன். இந்த வேலை எனக்கு ஒரு சம்பளமும் இல்லாமல் வந்து சேர்ந்தது. போதாததற்கு மின்விசிறியும் அத்தான் பக்கம் போய்விட்டது. ஆகவே எனக்கு அவர்மேல் பெரிய விருப்பம் ஒன்றும் இருக்கவில்லை.

பாட்டுக்கு வருகிறேன். அப்பாவைக் கேட்டால் எல்லா இடத்துக்கும் அம்மன் பாட்டே போதும் என்றார். ஆத்தங்கரையில் அக்காவும் அத்தானும் தோணியில் ஏறி இறங்குகிற இடத்துக்குமா என்று மாமா கேட்டார். அதற்கும்தான், தண்ணியில் போகிறவர்களுக்கு அம்மன் துணை வேண்டாமா என்றார் அப்பா. மாமா அம்மாவின் தம்பி. கல்யாண வீடுகளில் மைக் கிடைத்தால் கீழே வைக்காதவர். தன் இளமைக்காலத்துப் பாட்டுகளை வரிசையாக எழுதி வந்து, இதற்கு மேல் காதல் உலகத்தில் இல்லை என்று அடித்துச் சொன்னார்.

அப்போதுதான் அம்மா தன் சட்டத்தைப் போட்டார். மங்கலமான வீட்டில் ஓடுகிற படத்தில் ஒரு அமங்கலச் சொல் விழக்கூடாது. பிரிவு என்று வரக்கூடாது, கண்ணீர் வரக்கூடாது, உயிர் போகக்கூடாது. மாப்பிள்ளை கடல் கடந்து போகப்போகிற நேரம் வேறு. ஆகையால் ஒவ்வொரு பாட்டையும் முழுதாகக் கேட்டுத்தான் விடுவேன் என்றார். சினிமாவைத் தணிக்கை செய்கிறவர்கள்கூட இவ்வளவு கறாராக இருக்க மாட்டார்கள். ஆனால் அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் வீட்டை விட்டு வெளிக்கிட்டுப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தவர்கள் இல்லை. அது எனக்கே தெரியும்.

இசையோடு கேட்டால் சொல் பிடிபடவில்லை என்று அம்மா சொன்னபடியால், பாட்டைக் கேட்டுக் கொப்பியில் எழுதி வாசித்துக் காட்டுகிற பொறுப்பு எனக்கு வந்தது. பள்ளிக்கூடத் தமிழ்த்தினப் போட்டியில் பாவோதலுக்கு, அதாவது கவிதை ஒப்புவிப்பதற்கு, இரண்டாம் இடம் எடுத்தவள் நான். எனக்கு வாசிக்கத் தெரிந்தது ஒரே ஒரு விதம்தான்: நெஞ்சை நிமிர்த்தி, வலது கையை முன்னே நீட்டி, பின்வரிசைக்கும் கேட்கிற குரலில். அப்படியே காதல் பாட்டுகளை வாசித்தேன். உன் இதழில் தேன் குடிப்பேன் என்ற பொருளில் வந்த ஒரு வரியை நான் கை நீட்டி முழங்கியபோது, அப்பா மாட்டை அவிழ்த்து நிழலில் கட்ட வேண்டும் என்று எழும்பிப் போனார். மாடு ஏற்கெனவே நிழலில்தான் நின்றது. பக்கத்து வளவு மாமி தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு வேலியடிக்கு வந்து நின்றார். அத்தான் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தார்.

அம்மா முருங்கைக்கீரை உருவியபடி தீர்ப்புச் சொன்னார்.

"அதுக்குள்ள கண்ணீர் இரிக்கி. வேணாம்."

"அக்கா, அது சந்தோசக் கண்ணீர்" என்றார் மாமா.

"கண்ணீர் கண்ணீர்தான். அடுத்தத வாசி புள்ள."

அடுத்ததில் நீ இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்றான் ஒருவன். அதற்கடுத்ததில் ஒருத்தி நெருப்பாய் எரிந்தாள். ஓலைக் கிடுகு வேய்ந்த குசினியில் அடுப்பை வைத்துக்கொண்டு நெருப்பைப் பற்றிப் பாடக்கூடாது என்றார் அம்மா. காதலிக்கிறவர்கள் இத்தனை பேர் அழுகிறார்கள், சாகிறார்கள், பைத்தியமாய் அலைகிறார்கள் என்பது எனக்கு அந்த மூன்று நாளில்தான் தெரியவந்தது. பிறகு ஏன் ஆட்கள் காதலிக்கிறார்கள் என்று மாமாவைக் கேட்டேன். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பெரிய வகுப்புக்குப் போனதும் படிப்பிப்பார்கள் என்றார். மூன்றாம் நாள் முடிவில் தேறிய பாட்டுகள் மூன்று. ஒன்று மழையைப் பற்றியது. இன்னொன்று திருவிழாவைப் பற்றியது. மூன்றாவதில் சொல்லே இல்லை, ஒருத்தி லாலாலா என்று மட்டும் பாடினாள். அது மிக நல்ல பாட்டு என்றார் அம்மா.

அன்று பின்னேரம் அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். போனில் இருந்த வயரின் ஒரு முனையை என் காதிலும் மறுமுனையைத் தன் காதிலும் செருகினாள். அதுவரை நான் கேட்டிராத ஒரு பாட்டு. ஆண் குரல், மெதுவாகப் போனது. பாட்டு முடியும் வரை அக்கா வாளிக் கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள், தண்ணீர் அள்ளவில்லை.

"இது எப்பிடியும் வரோணும்" என்றாள். "அவர் அங்க தனிய இருந்து பாக்கக்குள்ள இந்தப் பாட்டு இரிக்கோணும்."

எனக்குப் பாட்டில் ஒரு குறையும் தெரியவில்லை, இரண்டாம் சரணம் வரும் வரை. அதில் ஒருவன் கப்பலேறிப் போகிறான். ஒருத்தி கரையில் நிற்கிறாள். பிரிவு வருகிறது, கண்ணீர் வருகிறது, கடைசியில் உயிரும் போய்வருகிறது. அம்மா தடுத்த சாமான் எல்லாம் ஒரே மூட்டையில் இருந்தது.

"அம்மா விடமாட்டா" என்றேன்.

"ரெண்டாம் சரணத்த எழுதாத. கேட்டா சின்னப் பாட்டு எண்டு சொல்லு."

அம்மாவிடம் பொய் சொல்வது லேசான வேலை இல்லை. ஆனால் அக்கா என்னிடம் கெஞ்சியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்கே அழுகை வந்தது. சரி என்றேன். கொப்பியில் பாதிப் பாட்டை எழுதி, கையை வழக்கத்தைவிட உயரத் தூக்கி வாசித்தேன். அம்மா கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இவ்வளவுதானா?" என்றார். "ஓம், சின்னப் பாட்டு" என்றேன். அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தாளில் எழுதச் சொன்னார். மாமா தாளோடு என் கொப்பியையும் கொண்டுபோய் வீடியோ அண்ணனிடம் கொடுத்தார்.

அத்தான் வெளிக்கிட இரண்டு நாள் இருக்கும்போது டிவிடி வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து பாயை விரித்து எல்லோரும் இருந்தோம். பக்கத்து வளவு மாமியும் வந்துவிட்டார். வீடியோ அண்ணன் தனக்குத் தெரிந்த வித்தை அத்தனையையும் காட்டியிருந்தார். அக்காவின் முகம் ரோசாப்பூவுக்குள் இருந்து வந்தது. அத்தான் ஆகாயத்தில் இருந்து இறங்கினார். மாமா வடையைக் கடிக்கிற காட்சி ஏனோ மூன்று முறை வந்தது. லாலாலாவுக்கு அம்மா தலையாட்டினார். தாலி கட்டுகிற இடம் முடிந்து ஆத்தங்கரை வந்தது, அக்காவின் பாட்டும் வந்தது. நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன். வீடியோ அண்ணன் கொப்பியில் இருந்தபடியே முதல் சரணத்தோடு பாட்டை வெட்டி, அம்மன் பாட்டைப் போட்டிருந்தார். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

படம் முடியப்போகிறது என்று நினைத்த இடத்தில் அதே பாட்டு மறுபடியும் தொடங்கியது. அக்காவும் அத்தானும் கரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆற்றைப் பார்க்கிற படம். இந்தத் தடவை பாட்டு வெட்டுப்படவில்லை. முதல் சரணம் போய் இரண்டாம் சரணம் வந்தது. கப்பல் போனது, அவள் கரையில் நின்றாள், பிரிவும் கண்ணீரும் பெரிய ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்டன.

அம்மா எழும்பிவிட்டார்.

"ஆரு இந்தப் பாட்டக் குடுத்த?"

எல்லோருடைய கண்ணும் என்மேல் திரும்பியது. எழுதியது நான், வாசித்தது நான், சின்னப் பாட்டு என்று சொன்னதும் நான். அக்கா தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் அக்கா மாட்டுவாள், சொல்லாவிட்டால் நான் அடிவாங்குவேன்.

மெத்தைக் கதிரையில் இருந்து அத்தான் எழும்பினார்.

"நான்தான் மாமி" என்றார் அம்மாவிடம். "போன கிழமை கடைக்குப் போய் நான்தான் சொன்னன், கடைசியில இந்தப் பாட்ட முழுசாப் போடச் சொல்லி."

அந்த வீட்டில் அவர் உரக்கப் பேசிய முதல் பேச்சு அது. அம்மா திகைத்துப்போய் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டார். அத்தானைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்காவைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

மாமா இடையில் புகுந்தார். "அவன் கட்டாருக்குப் போறதுக்கு முந்தி ரெண்டு வருசம் வந்தாறுமூலைக் கம்பஸுக்கு முன்னாலதானே போனுக்குப் பாட்டு ஏத்துற கடையில நிண்டவன். அவனுக்குத் தெரியாத பாட்டா?" என்றார். சொன்ன பிறகு ஏனோ நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்காவின் காது சிவந்திருந்தது. அம்மா கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அத்தானிட்டச் சொல்லு புள்ள, நல்ல பாட்டாம் எண்டு."

நான் சொன்னேன். அத்தான் தலையை ஆட்டினார். பிறகு அம்மா, அந்தக் கடைசிப் பாட்டை இன்னொருக்காப் போடச் சொன்னார். இரண்டாம் சரணம் வந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததுபோலவும் இருந்தது.

எனக்கு அத்தானை அந்த நிமிடமே பிடித்துப்போனது. ஒரு சின்னப்பிள்ளை அடிவாங்கக்கூடாது என்று தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு, மாமியாருக்கு முன்னால் எழும்பி நின்று பொய் சொல்ல எத்தனை பேரால் முடியும்? பாட்டு இரண்டு தடவை வந்தது வீடியோ அண்ணனின் கவனக்குறைவு என்று முடிவு கட்டினேன். வடையை மூன்று தடவை காட்டியவர்தானே. அத்தான் டிவிடியோடு போன அன்று அக்காவைவிட நான்தான் கூடுதலாக அழுதேன்.

அடுத்த தவணையில், நான் மதிக்கும் ஒருவர் என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் பெரிய தலைவர்களைப் பற்றி எழுத, நான் எனக்காகப் பொய் சொன்ன என் அத்தானைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கொடுக்க முதல் அக்காவிடம் காட்டினேன். அவள் பாதி வாசிக்கும்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் கோபித்துக்கொண்டு கொப்பியைப் பறிக்கப் போக, "இரு புள்ள, இரு" என்று பேனையை எடுத்துப் பிழை திருத்தினாள். ஒன்பது பிழை. மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு, கட்டுரையைப் போனில் படம் பிடித்துக் கட்டாருக்கு அனுப்பினாள். அத்தான் பொய் சொன்னார் என்று நான் எழுதியிருந்த இடத்தை மட்டும் அவள் திருத்தவில்லை.