வாசலில் வாரிக் கொடுத்த வைஃபை

மருத்துவர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதை வீட்டிலிருந்தே காதில் வாங்கித் தட்டச்சு செய்வதுதான் அந்த மருமகளின் பிழைப்பு. அன்று காலை மேற்பார்வையாளர் போனில் அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

"உங்க வைஃபையில சேர்ந்திருக்கிற போன் பட்டியலைப் படம் புடிச்சு அனுப்பினீங்களே, அதுல யார் யாரோ இருக்காங்களேம்மா! நோயாளிங்க விவரம் போற வழி இது. சாயங்காலம் புதுப் படம் அனுப்புங்க. அப்பவும் இப்படியே இருந்தா வேலை வேற ஆளுக்கு."

கடவுச்சொல்லை மாற்றினாள். வீட்டு ஆட்களின் போன்களில் மட்டும் போட்டுக் கொடுத்தாள். அப்பாடா என்று உட்கார முடிந்ததா? இல்லை. காய் நறுக்குவாள், கத்தியை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பட்டியலைப் பார்ப்பாள். மத்தியானம் பார்த்தால், மறுபடி தெரியாத போன்கள்! திருடன் கம்பியில்லாமல் வருகிறவன் என்று தெரிந்தும், எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள் என்றால் பாருங்கள்.

அப்போதுதான் வாசலில் மாமியாரின் குரல் கேட்டது. தன் போனைத் தூக்கிப் பிடித்து, மாடி வீட்டுக்காரிக்குப் புதுக் கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை! என் வேலைக்கே உலை வெக்கிறீங்களே!"

"கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராதும்மா. கொடுத்தா குறைஞ்சா போயிடும்?"

"உங்க முட்டி எக்ஸ்ரே சேதியெல்லாம் மாடி வீட்டக்கா கண்ணுல பட்டா சும்மா இருப்பீங்களா?"

"அவளா? ஊரெல்லாம் தமுக்கு அடிச்சிடுவாளே!"

"ஊரான் நோயும் அப்படித்தானே அத்தை?"

ஆனாலும் மாமியார் பிடிவாதம் விடவில்லை. "அதுக்காக முகத்துல அடிச்ச மாதிரி கதவைச் சாத்த முடியுமா?"

அதுவும் நியாயந்தான். மருமகள் வைஃபை பெட்டியின் அமைப்பைக் குடைந்து, விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை ஒன்றைத் திறந்தாள். மாமியாரின் போனை அதில் மாற்றினாள். தான் வேலை செய்யும் வைஃபைக்கு மறுபடியும் புதுக் கடவுச்சொல் போட்டாள்.

சாயங்காலம் படம் போனது. பதில் வரவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்துபோனாள். ஒருவழியாக வந்தது: "சரி. வேலையைத் தொடருங்க."

வேலை முடிந்து வந்த கணவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நெட் வரலையே, புதுக் கடவுச்சொல் என்ன?"

"போனைக் குடுங்க, விருந்தாளி வழியில போட்டுத் தரேன்."

"நான் விருந்தாளியா?"

"அம்மா புள்ளைதானே நீங்க! குடுங்க."