இருபது ஆட்டம்

பூமி மற்ற ஊர்களைவிட விருதுநகரைக் கூடுதலாக இழுக்கிறது என்று இருபத்தோரு வயதில், ஒரு காலை முழுவதும் நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். மூன்று தடவை அளந்து பார்த்துத்தான் நம்பினேன்.

ஐம்பதுகளின் கடைசி. பி.எஸ்சி. செய்முறைத் தேர்வு, முந்தைய வருஷம் கோட்டைவிட்ட அதே தேர்வு. பாஸானால் ஆமத்தூர்ப் பள்ளியில் வாத்தியார் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் அப்பாவின் பருப்புக் கடை. எனக்கென்று அங்கே ஒரு முக்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டார்.

எனக்கு வந்தது ஊசல். நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, இருபது ஆட்டத்துக்கு எத்தனை வினாடி என்று பார்த்து, புவியீர்ப்பைக் கணக்கிட வேண்டும். விடை 980-ஐ ஒட்டி வரவேண்டும். எனக்கு வந்தது 1086.

நூலை மறுபடி அளந்தேன். குண்டின் விட்டத்தை வெர்னியரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். காற்று படுகிறதென்று ஜன்னலைச் சாத்தினேன். மறுபடியும் 1086. மூன்றாம் தடவையும் அதே. தப்பாகச் செய்வதில் அப்படியொரு துல்லியம்! சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஊரில் குவிந்து கிடக்கும் பருப்பு மூட்டைகளின் கனம்தான் குண்டை இழுக்கிறது என்று முடிவுகட்டினேன். அதைத் தாளில் எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பக்கத்து மேசையில் சிவகாசி நண்பன். வகுப்பில் நாங்கள் ஜோடி; எண்ணுவது அவன், கடிகாரம் பிடிப்பது நான். என் தாளை எட்டிப் பார்த்தான்.

"ஏலே, எங்க ஊர்ல விட்டதெல்லாம் மேல போகுது. உங்க ஊர்ல மட்டும் என்னலே இம்புட்டு இழுப்பு?"

"சும்மா இருலே. செத்துக்கிட்டிருக்கேன்."

மதுரையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் பின்னால் வந்து நின்றார். "எண்ணுங்க தம்பி, கேப்போம். வாய்விட்டு."

குண்டை விட்ட கையோடு கடிகாரத்தை அமுக்கினேன். "லாபம்..." குண்டு போய்த் திரும்பி வந்தது. "ரெண்டு..."

"நில்லுங்க. லாபம்னா?"

"ஒண்ணு சார். கடையில படி அளக்கையில ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம், லாபம்னுதான் ஆரம்பிப்போம்."

"கடையில ஒரு படி விழுந்த பெறகுல்ல சொல்வீங்க? இங்க குண்டு இன்னும் ஆடவே இல்லையே!"

மூன்று தடவையும் பத்தொன்பது ஆட்டத்தை இருபது என்று எழுதியிருந்தேன்.

"ஒரே ஒரு தடவை பாத்துக்கிறேன் சார்" என்றேன். மணி அடித்தது. அவர் என்னைப் பார்த்தார், ஊசலைப் பார்த்தார், தாளை வாங்கிக்கொண்டார்.

செய்முறையில் தோற்றேன். ஆமத்தூர் வேலைக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள்.